சங்கை நிறுத்திய சாவி

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அம்மாவைப் பார்த்துட்டு வந்துரட்டுமாக்கா?"

மாரிசெல்வி கேட்டபோது, துப்பறிய வந்திருந்த வள்ளித்தாய் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது.

விருதுநகரிலிருந்து கிளம்பும்போது அவசரமாக உள்ளே தள்ளிய எண்ணெய் பரோட்டாதான் தன் கடைசிச் சாப்பாடோ என்று முனியராஜுக்குத் தோன்றியது. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி, இருநூறு பேர் மருந்து அடைத்துக்கொண்டிருக்கும் பட்டாசு ஆலையின் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு இடிமேகம் வருவதை வேடிக்கை பார்த்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? துப்பறியும் நிபுணரின் உதவியாளன் என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்தபோது, உயிரோடு வீடு திரும்புவதைப் பற்றி அதில் ஒரு வரியும் போடவில்லையே என்று நொந்துகொண்டான்.

விவகாரம் இதுதான். ஆபீஸ் கூரைமேல் ஒரு அபாயச் சங்கு இருக்கிறது. மின்னல் பக்கத்தில் வந்தால் தானாகவே ஊதும். ஊதிவிட்டால் ஷெட்டில் இருப்பவர்கள் கையில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு கேட் பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்துக்கு ஓடிவந்துவிட வேண்டும். போன வாரம் மின்னல் வந்தது. சங்கு ஊதவில்லை. மருந்து காயப்போட்டிருந்த மேடை பற்றிக்கொண்டு, பக்கத்து ஷெட்டில் திரி வைத்துக்கொண்டிருந்த பாண்டிமீனாவின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

சங்கை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். சங்கை ஓட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டி ஆபீஸ் மூலையில் இருந்தது. மதுரையில் இருக்கிற சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்தபடியே பழுது பார்ப்பதற்காக, வெளியிலிருந்தும் அதற்குள் நுழைய வழி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த வழியில் ஒருவர் நுழைந்து சங்கை நிறுத்தியிருக்கிறார். நுழைந்தது மாரிசெல்வி என்று பெட்டி சொன்னது. ஆலையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிறவள் அவள்தான். வெந்த கைகளோடு சிவகாசி ஆஸ்பத்திரியில் கிடக்கும் பாண்டிமீனாவின் ஒரே மகளும் அவள்தான்.

"சங்கு ஊதுனா வேலை நிக்கும், கூலி குறையும். ஆத்தாளுக்குக் கூலி போயிரக்கூடாதுன்னு மகளே நிறுத்திப்புட்டான்னு ஊரே பேசுது" என்றாள் மாரிசெல்வி. "ஊரு பேசிட்டுப் போகட்டும்க்கா. அம்மா என் மூஞ்சியைப் பார்க்கமாட்டேங்குது. நான் போனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிடுது."

முனியராஜ் சட்டென்று எழுந்து, தேவையே இல்லாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். யாராவது அழப்போனால் அவனுக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும்.

"அக்கா, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றான். "எங்கனயோ உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தன் இங்க இருக்கிற சங்கை எப்படி நிறுத்துவான்? சங்கு என்ன புது மாப்பிள்ளையா, போன்ல அதட்டுனா வாயை மூடுறதுக்கு?"

"அந்தப் பெட்டி ஒரு வாசக் காவக்காரன்னு வச்சுக்கலே" என்றாள் வள்ளித்தாய். துப்பறிய வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவள் என்பதால் எதையும் பாடமாகச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. "உள்ள வர்ற உரிமை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு பெட்டிக்கிட்ட இருக்கும். சாவி ஆளுகிட்ட இருக்கும். நீ தூரத்துல இருந்து தட்டுனா, பெட்டி உடனே ஒரு புதுக் கணக்கைத் தூக்கிப் போடும். சாவி இருக்கிறவன் மட்டும்தான் அதுக்கு விடை சொல்ல முடியும். விடை சரியா இருந்தா உள்ள விட்டுட்டு, இன்னார் வந்தாகன்னு குறிச்சு வச்சுக்கிடும்."

"குறிச்சு வச்சிருக்கிறது நம்ம தங்கச்சி பேரைத்தானே?"

"பெட்டிக்கு மூஞ்சி தெரியாதுலே. அது பார்த்தது சாவியை. அந்தச் சாவி யாரு சட்டைப்பையில இருந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வள்ளித்தாய் திரும்பினாள். "மாரிசெல்வி, உன் சாவி எங்கெங்க இருக்கு?"

"என் லேப்டாப்புல ஒண்ணு. பாஸ்வேர்டு போட்டுத்தான் வச்சிருக்கேன், அதை யாரும் திறக்க முடியாது. லேப்டாப் கெட்டுப்போனா உதவும்னு பென்டிரைவுல ஒரு காப்பி. அது இந்த டிராயருக்குள்ளயே கிடக்கும், பூட்டித்தான் வச்சிருப்பேன். அதனால அதுக்குத் தனியா பாஸ்வேர்டு போடல."

"வெளிய எடுத்ததே இல்லையா?"

"எடுத்ததே இல்லக்கா. ஆயுத பூஜைக்கு மட்டும் எடுத்து சாமி முன்னாடி வச்சேன்."

முனியராஜின் கை மின்விசிறி ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது. வள்ளித்தாயின் பார்வை கூர்மையானது.

"எம்புட்டு நேரம்?"

"ராத்திரி முழுக்க. சல்லடை, கத்திரி, தராசு எல்லாத்தோடயும் சேர்த்து வச்சோம். பூஜையில வச்சதை மறுநாள் காலையில தீபம் காட்டி எடுக்கிற வரைக்கும் யாரு தொடுவா?" தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் தன் காதிலேயே விழுந்தபோது மாரிசெல்வியின் முகம் வெளுத்தது.

"அதை எடு."

டிராயரைத் திறந்து பென்டிரைவை மேசைமேல் வைத்தாள். பூஜையன்று இட்ட சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. வள்ளித்தாய் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"பொட்டை எங்க வச்சே?"

"நடுவுலதான். மூடியும் அடிப்பாகமும் சேர்ற இடத்துல."

"இப்ப பாரு."

அடிப்பாகத்தின் மேற்புறத்தில் அரைப் பொட்டு இருந்தது. மீதி அரைப் பொட்டு மூடியின் மறுபுறத்தில் இருந்தது. யாரோ மூடியைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்பப் போடும்போது தலைகீழாகப் போட்டுவிட்டார்கள்.

"அடப்பாவி!" என்றான் முனியராஜ். "சாமி முன்னாடி வச்ச பொருள்ல கையை வச்சிருக்கானே! அக்கா, இது சாதாரணப் பொட்டு இல்ல. சந்தனத்துல போட்ட சீல்."

"அன்னைக்கு ராத்திரி ஆபீஸ் கதவுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள் வள்ளித்தாய்.

"முதலாளிகிட்ட ஒண்ணு, போர்மேன் அண்ணன்கிட்ட ஒண்ணு" என்றாள் மாரிசெல்வி. "சங்கை எப்படி நிறுத்துறது, எப்படி ஓட விடுறதுன்னு அவுக ரெண்டு பேருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதலாளிக்குப் பெட்டிக்குள்ள போகத் தனிச் சாவியும் கொடுத்திருக்கு. போர்மேன் அண்ணன் எனக்கெதுக்கும்மா சாவி, அதான் நீ இருக்கியேன்னு சொல்லிட்டாக."

முனியராஜ் மனதுக்குள் வழக்கை முடித்து ஃபைலைக் கட்டிவிட்டான். முதலாளி காசிராஜனைத் தவிர வேறு யார்? தீபாவளிக்கு லோடு போகவில்லையென்றால் தூக்கம் போவது அவருக்குத்தான். தன் சாவியைப் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று இந்தப் பிள்ளையின் சாவியைத் திருடியிருக்கிறார். சாயந்தரம் இன்ஸ்பெக்டரை வரச் சொல்லியிருப்பவரும் அவரே. என்ன நெஞ்சழுத்தம்!

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போர்மேன் செல்வக்குமார் டீயோடு வந்தார். இடது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. எரிகிற ஷெட்டுக்குள் புகுந்து பாண்டிமீனாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் அவர்தான்.

"சாப்பிட்டீகளா மேடம்? இந்தப் பிள்ளையும் காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல" என்றபடி டம்ளர்களை வைத்தார். குரல் கம்மியிருந்தது. "மேகம் வேற கூடுது. பெட்டியில ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"ஒண்ணும் பிடிபடல" என்றாள் வள்ளித்தாய். "பெட்டியை நோண்டிப் பார்த்தோம். இப்ப என்ன கதியில இருக்குன்னு எனக்கே தெரியல."

செல்வக்குமார் ஒரு நிமிடம் நின்றார். மாரிசெல்வியைப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

"தங்கமான மனுசன்" என்றான் முனியராஜ், டீயை உறிஞ்சியபடி.

வள்ளித்தாய் தன் லேப்டாப்பை வெளியே எடுத்தாள். மாரிசெல்வியும் அவளும் தலையோடு தலை முட்ட ஏதோ தட்டினார்கள். மூலையிலிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினார்கள். முனியராஜ் டீ டம்ளரைப் பட்டென்று கீழே வைத்தான்.

"அக்கா! சங்கோட வயரையா பிடுங்குனீக? மேகம் நம்ம தலைக்கு மேல வந்துக்கிட்டிருக்கு!"

"சங்கோட வயரு அப்படியே இருக்குலே. பெட்டி பாட்டுக்கு மின்னலைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு. வெளிய இருந்து தட்டுறவுக வர்ற வயரை மட்டும்தான் மாத்தியிருக்கேன். இனி யார் தட்டுனாலும் இந்த லேப்டாப்தான் கதவைத் திறக்கும். பெட்டியோட வேசத்தைப் போட்டு உட்கார வச்சிருக்கேன். மாரிசெல்வியோட பூட்டும் முதலாளியோட பூட்டும் இதுல இருக்கு. உள்ள வந்து பார்த்தா, சங்கு நின்னு கிடக்குன்னு காட்டும்."

"வேசம்னு கண்டுபிடிச்சிருவானே?"

"கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் வச்சிருக்கு." வள்ளித்தாய் முதல்முறையாகச் சிரித்தாள். "நம்மகிட்ட மட்டும்தான் அடையாளம் கேட்பாகன்னு நினைச்சியா? பெட்டியும் தன் அடையாளத்தைக் காட்டணும். மொத தடவை போகும்போது நம்ம போன் அந்த அடையாளத்தை மனசுல வச்சுக்கிடும். அடுத்த தடவை வேற அடையாளம் வந்தா, 'இது பழைய ஆள் இல்ல, உள்ள போகாதே'ன்னு கத்தும். அதை மீறியும் போறியான்னு கேட்கும். உரிமை உள்ளவன் என்ன செய்வான்?"

"தங்கச்சிக்குப் போன் போட்டு என்னம்மா இதுன்னு கேட்பான்."

"திருடன்?"

திருடன் யாரிடம் போய்க் கேட்பான்? மீறித்தான் உள்ளே போவான் என்று முனியராஜுக்கு உறைத்தது.

காத்திருந்தார்கள். வெளியே வெயில் மங்கி, ஆபீசுக்குள் லைட் போட வேண்டியதாயிற்று. தூரத்தில் முதல் உறுமல் கேட்டது. மாரிசெல்வி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, மூலைப் பெட்டியில் மினுங்கிய பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜச் சங்கு கண்டிப்பா ஊதும்ல தங்கச்சி?" என்று முனியராஜ் கிசுகிசுத்தான்.

"ஊதும்ணே." அவள் பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊதணும்."

"மேகம் அந்தப் பனைமரத்தைத் தாண்டுனா சங்குக்காகக் காத்திருக்கப் போறதில்ல" என்றாள் வள்ளித்தாய். "நாமளே ஓடிப்போய் எல்லாரையும் வெளிய கூப்பிட்டுருவோம். திருடன் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி."

மாரிசெல்வியின் போன் அடித்தது. மூவரும் துள்ளி விழுந்தார்கள்.

"ஏம்மா!" காசிராஜனின் குரல் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. திருத்தங்கலில் லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறாராம். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. "இங்க வானம் இருட்டிக்கிட்டு வருது. சங்கு ஓடுதான்னு பார்க்கலாம்னு உள்ள போனா, ஏதோ அடையாளம் மாறியிருக்குன்னு போன் கத்துது. என்னம்மா பண்ணி வச்சிருக்க? உள்ள போகவா, வேணாமா?"

"போகாதீக முதலாளி. சங்கு நல்லாத்தான் ஓடுது. நான் அப்புறம் சொல்றேன்."

முனியராஜின் ஃபைல் அவிழ்ந்து காகிதங்கள் நாலாபுறமும் பறந்தன. கேட்டுவிட்டாரே மனுசன்! கேட்டவர் திருடனாக இருக்க முடியாதே! அப்படியானால்…

லேப்டாப் திரையில் ஒரு வரி எழுந்தது. யாரோ தட்டுகிறார்கள். தட்டியவனின் போன் இந்நேரம் கத்தியிருக்கும். ஆனாலும் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், எச்சரிக்கையை மீறி உள்ளே வந்தான். சாவி பொருந்தியது. திரையில் பெயர் விழுந்தது: மாரிசெல்வி.

நிஜ மாரிசெல்வி கோத்த கைகளோடு முனியராஜின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் கண்களில் நீர் திரண்டது.

"நீ தப்பிச்ச தங்கச்சி" என்றான் முனியராஜ். "அதுக்கு நாங்க ரெண்டு பேரு சாட்சி."

"பேசாத. என்ன செய்றான்னு பாரு" என்றாள் வள்ளித்தாய்.

உள்ளே வந்தவன் சங்கின் நிலையைக் கேட்டான். நின்றிருக்கிறது என்று லேப்டாப் பொய் சொன்னது. அடுத்த கட்டளை வந்தது. முனியராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். சங்கை ஓட விடு. லேப்டாப் அசையவில்லை. மறுபடி: ஓட விடு. மறுபடியும் அதே கட்டளை. அவசரத்தில் எழுத்துத் தப்பி, அழித்துவிட்டுத் திரும்ப: ஓட விடு.

"அக்கா… இவன் நிறுத்த வரல. ஓட விடப் பார்க்கிறான்!"

திரை அப்படியே நின்றது. வந்தவன் போய்விட்டான்.

இடி இந்த முறை கிட்டத்தில் உருண்டது. மேகம் பனைமரத்தை எட்டிவிட்டது. வள்ளித்தாய் கதவை நோக்கிப் பாய்ந்தாள். அவள் வாசலைத் தொடுவதற்குள் வெளியே ஒரு குரல் கிழிந்து வந்தது.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! சங்கு ஊதாது! அதை நம்பி இருக்காதீக! போட்டது போட்டபடி ஓடியாங்க!"

போர்மேன் செல்வக்குமார் கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு ஷெட் ஷெட்டாக ஓடினார். கதவுகளை உதைத்துத் திறந்தார். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே சிதறினார்கள். கடைசி ஷெட்டிலிருந்து கடைசி ஆளும் வெளியே வந்தபோது, கூரைமேலிருந்து சங்கு அலறியது.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நிற்கவில்லை. செல்வக்குமார் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார். அண்ணாந்து சங்கைப் பார்த்தார். பிறகு வலது கையில் இருந்த போனைப் பார்த்தார்.

முனியராஜ் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கான்கிரீட் கட்டடத்துக்கு ஓடினான். வேலிக்கு அப்பால் எங்கோ மின்னல் இறங்கியது. தரை அதிர்ந்தது. எதுவும் பற்றவில்லை. பிறகு மழை கொட்டியது.

கட்டடத்துக்குள் பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். வள்ளித்தாய் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வக்குமாரின் எதிரில் வந்து நின்றாள்.

"சங்கு ஊதாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் போனை நீட்டினார். அவ்வளவுதான்.

"நோண்டிட்டோம், என்ன கதியில இருக்குன்னு தெரியலன்னு டீ குடிக்கும்போது சொன்னேன்" என்றாள் வள்ளித்தாய் தணிந்த குரலில். "சங்கை நிறுத்துனவன் கொலைகாரனா இருந்தா, சும்மா இருந்திருப்பான். போன வாரம் நடந்ததை நினைச்சுத் தூங்காம கிடக்கிறவனா இருந்தா, உள்ள போய்ப் பார்க்காம இருக்கமாட்டான்னு நினைச்சேன்."

செல்வக்குமார் சுவரில் சரிந்து உட்கார்ந்தார். "அன்னைக்கும் இருட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு மேடம். அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை சங்கு ஊதுச்சு, ஒரு பொட்டு மழை வரல. ஒவ்வொரு தடவையும் இந்தப் பொம்பளைக என் மூஞ்சியைத்தான் பார்ப்பாக. இன்னைக்கும் அரைக்கூலிதானாண்ணேன்னு கேட்பாக. சீசன் முடியிற வரைக்கும் அப்பப்ப கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா என்னன்னு தோணிருச்சு. சாமி முன்னாடி கிடந்ததைத் திறந்து, சாவியை என் போன்ல காப்பி எடுத்துட்டேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "பத்திக்கிட்டப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இந்தப் பிள்ளை மேல பழி விழும்னு நினைக்கல. விழுந்தப்புறமும் வாயைத் திறக்கல. நான்லாம் மனுசனே இல்ல."

முனியராஜுக்கு எதையாவது எடுத்து அவர் மேல் எறிய வேண்டும் போலிருந்தது. அவர் கொடுத்த டீ ருசியாக இருந்தது என்பதும் ஞாபகம் வந்து தொலைத்தது.

மாரிசெல்வி யாரையும் பார்க்கவில்லை. போனை எடுத்து, மழைச் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். யாரோ எடுத்து அம்மாவின் காதில் வைத்தார்கள். பாண்டிமீனாவால் போனைப் பிடிக்க முடியாது.

"அம்மா… சங்கு ஊதுச்சும்மா."

மழைச் சத்தத்தை மீறி அம்மா கேட்டாள்: "எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாக."

"அன்னைக்கு யாருடி நிறுத்துனது?"

மாரிசெல்வி செல்வக்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். தன்னைத் தொட்டில் பிள்ளையாக இருக்கும்போதிலிருந்து தூக்கி வளர்த்த அண்ணன். அம்மாவை நெருப்பிலிருந்து எடுத்து வந்த அண்ணன். செல்வக்குமார் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"குடும்மா. நானே சொல்றேன்."

போனை வாங்கி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். பெண்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் அவரும் அடங்கினார்.

பிறகு பாண்டிமீனாவின் குரல், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, உறுதியாக வந்தது.

"போனை எம்மககிட்டக் குடு."

மாரிசெல்வி வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஏட்டி, காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அம்மா.